பதினான்கு மூடி

அந்த மாணவர் விடுதியில் குடிக்காதவர்கள் குறைவு. குடியைக் கட்டுப்படுத்தாதவர்கள் ஒருவருமில்லை. ஆளுக்கொரு வழி வைத்திருந்தார்கள். சட்டம் படித்த வக்கீல், ஒரு கிளாஸ் பீருக்கு இரண்டு கிளாஸ் தண்ணீர் என்று விதித்துக்கொண்டு விருந்து முழுவதையும் கழிவறையில் கழிப்பான். மருத்துவம் படித்த டாக்டர், வேகத்தைக் குறைக்க இடது கையால் மட்டுமே குடித்தான். மூன்றே மாதத்தில் அந்தக் கை பழகி, பரீட்சையையும் அதே கையால் எழுதி முதல் வகுப்பில் தேறினான்.

புள்ளியியல் படித்ததால் புள்ளி என்று பெயர் பெற்றவனின் வழி விஞ்ஞானமானது. ஒரு பாட்டில் முடிந்தால் ஒரு மூடி சட்டைப்பைக்குள். மூன்று மூடி சேர்ந்தால் நிறுத்தம். "மனசு பொய் சொல்லும்டா, மூடி சொல்லாது" என்பான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மூடியை நம்பித்தான் அவன் பிழைப்பே இருந்தது. நாலு மணிக்கு அக்கா வருகிறாள். ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு நர்ஸ். போன தடவை அவன் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, "இன்னொரு வாட்டி இப்படிப் பாத்தேன், விடுதிய விட்டுத் தூக்கிட்டுப் போய் எங்க வீட்டு மாடி ரூம்ல போட்டுடுவேன். பக்கத்து ரூம்ல உங்க மாமா" என்று சொல்லியிருந்தாள். மாமா எந்த நேரமும் இன்சூரன்ஸ் பற்றியே பேசுபவர்.

மதியம் டாக்டருக்குப் பிறந்தநாள் விருந்து. புழுக்கம் தாங்காமல் புள்ளி சட்டையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினான். இரண்டு பாட்டில் முடித்தான், இரண்டு மூடியைப் போட்டான், முகம் கழுவப் போனான். அந்த நேரம் பார்த்து வராந்தாவில் வார்டனின் செருப்புச் சத்தம். பாட்டில்கள் கட்டிலுக்கடியில் போயின. தரையில் கிடந்த பன்னிரண்டு மூடிகளையும் வக்கீல் அள்ளி, கைக்கு எட்டிய சட்டைப்பையில் திணித்தான். செருப்புச் சத்தம் தாண்டிப் போனதும் மூடிகளை மறந்தான்.

புள்ளி திரும்பி வந்து பையைத் தடவினான். எண்ணினான். மறுபடி எண்ணினான். பதினான்கு.

அந்தக் கணமே முழங்கால் விட்டுப்போனது. நாக்கு தடித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், நான் அவுட்டு" என்றான்.

"ரெண்டுதானடா குடிச்ச!" என்றான் டாக்டர்.

"நீ குடிச்சிருக்க. உனக்கு எண்ணத் தெரியாது."

நாலு மணிக்கு அக்கா வந்தாள். டாக்டரும் வக்கீலும் நைசாக வெளியே நழுவினார்கள். அவள் தம்பியின் தாடையைப் பிடித்து, வாயை முகர்ந்து, இமையைத் தூக்கிப் பார்த்தாள்.

"ரெண்டு பாட்டில். போனாப் போகுது. நேரா நில்லு."

புள்ளிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னக்கா, அவ்வளவு மட்டமா நெனச்சிட்ட? பதினாலு! ஆதாரம் இருக்கு!"

"கத்தாதடா, எருமை!"

"ஏன் கத்தக்கூடாது? பதினாலு!"

வராந்தா முழுக்கக் கேட்ட அந்தக் குரலுக்கு வார்டன் வந்து நின்றார். புள்ளி மூடிகளை மேசையில் கொட்டினான். வார்டன் ஒவ்வொன்றாக எண்ணினார்.

"சார், நான் நர்ஸ். இவன் குடிச்சது ரெண்டுதான்" என்றாள் அக்கா.

"அம்மா, பையனே ஒத்துக்கறான். மூடியும் இருக்கு. நீங்க வேற ஏன் குறுக்க வரீங்க?" என்று சொல்லி, விடுதிப் பதிவேட்டிலிருந்து அவன் பெயரை அடித்தார்.

அக்கா வீட்டுக்குப் போகும் டாக்ஸியில் ஏறினார்கள். அவன் ஜன்னலில் சாய்ந்து முனகினான்.

"அக்கா... நெஜமாவே ரெண்டுதானா?"

"ரெண்டேதான்டா, மடையா."

சட்டென்று தலை சுற்றல் நின்றது. கண் தெளிந்தது. தெளிந்த கண்ணுக்கு முதலில் தென்பட்டது, மடியில் கிடந்த அவனுடைய சொந்தப் படுக்கைச் சுருள்.