பச்சை பூசிய தரை

விடிவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. யாகப்பர் பதினோராவது வாளியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குள் ஏறினார். தண்ணீரை வீசி ஊற்றினார். குந்தியிருந்து தும்புக்கட்டையால் தேய்த்தார். இருக்கைக் கால்களில் ஒட்டிக் காய்ந்திருந்த மீன் செதில்கள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்தன. முழங்கால் நொந்தது. நிமிர்ந்து, பன்னிரண்டாவது வாளிக்குக் கிணற்றடிக்குப் போனார்.

அந்த பஸ்ஸுக்கு இரண்டு பிழைப்பு. காலையும் மத்தியானமும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பின்னேரம் மீன். முதலாளி அலெக்ஸாண்டரிடம் மூன்று பஸ்கள் இருந்தன, மூன்றும் அப்படித்தான். நான்கு மணிக்குப் பின்வரிசை இருக்கைகளைக் கழற்றுவார்கள். மீனும் ஐஸும் நிறைந்த றெஜிபோம் பெட்டிகள் ஏறும். ஐஸ் உருகும். உப்புத் தண்ணீர் தரை முழுக்க ஓடும். மறுநாள் விடியுமுன், பஸ் ஓட்டும் றைவரே அதைக் கழுவ வேண்டும். பேசாலையில் அவர் வீட்டுக் கிணறும் உவர். உப்பை உப்பால் கழுவுகிறேன் என்று ஒருநாள் சொன்னார். கேட்க ஆளில்லை. பஸ்ஸிடம்தான் சொன்னார்.

மனைவி றஞ்சிதம் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். வெள்ளிக்கிழமைகளில் அந்த வீட்டுக்காரி படுத்த பிறகு அழைப்பாள். சாப்பிட்டீங்களா என்பாள். சாப்பிட்டேன் என்பார். அதன்பிறகு இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது. இணைப்பைத் துண்டிக்கவும் மனம் வராது. தூரத்தில் குளிரூட்டி ஓடும் சத்தத்தைக் கேட்டபடி இருப்பார்.

பகலில் அவரைச் சுற்றி ஐம்பத்தொரு பிள்ளைகள். இருக்கை இருபத்தெட்டு. நாற்பது நிமிடம் காது கிழியும். பிறகு பள்ளிக்கூட வாசலில் எல்லோரும் இறங்கிவிடுவார்கள். மத்தியானம் வரை மரநிழலில் பஸ்ஸும் அவரும். மற்ற இரண்டு றைவர்களும் வேறு பள்ளிக்கூட வாசல்களில் அப்படித்தான் கிடப்பார்கள். ஒன்றாக நிறுத்தக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை.

"மூண்டு றைவர்மார் ஒரு மரத்துக்குக் கீழ நிண்டா கதைதான் ஓடும், பஸ் ஓடாது" என்பார்.

ஆறு வருடமாக அந்த இருவரையும், எருக்கலம்பிட்டி நௌபரையும் நானாட்டான் றெனால்டையும், அவர் பெரும்பாலும் கண்ணாடிக்கு அப்பால்தான் கண்டார். எதிரே வந்தால் கை காட்டுவார். அவர்களும் காட்டுவார்கள். அவ்வளவுதான்.

மூன்று மாதத்துக்கு முன் நடைபாதையில், மூன்றாவது இருக்கையடியில், தரை இற்றுப்போய் உள்ளங்கை அளவு ஓட்டை விழுந்தது. யாகப்பர் முதலாளியிடம் போனார். இரும்புத் தகடு வெட்டி ஒட்ட வேண்டும் என்றார். மூன்று தடவை போனார். மூன்றாவது தடவை முதலாளி சிரித்தார்.

"நீ கடல்காரன்தானே. படகு ஓட்டையை அடைக்கத் தெரிஞ்சவனுக்கு இதென்ன பெரிய வேலை?"

அது யாகப்பருக்குள் எங்கோ போய் இனித்தது. இருபது வருடம் கடலில் நின்றவர். பேசாலைக் கரையில் அவர் அடைத்த படகில் ஒரு சொட்டு ஒழுகியதில்லை. தம்பியின் மீன்வாடியிலிருந்து பைபர் துணியும் பசையும் கொண்டுவந்தார். துருவைச் சுரண்டினார். துணியை விரித்து, பசை பூசி, மறுபடி விரித்து மறுபடி பூசினார். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். மேலே பச்சை வர்ணம். தடவிப் பார்த்தால் எங்கே அடைத்தது என்றே தெரியாது.

முதலாளி காலால் தட்டிப் பார்த்தார். "தங்கக் கையடா உனக்கு" என்றார். அடுத்த இரண்டு ஞாயிறும், பூசை முடிந்து வந்து, யாகப்பர் நௌபரின் பஸ்ஸையும் றெனால்டின் பஸ்ஸையும் அதேபோல் அடைத்துக் கொடுத்தார். நீண்ட காலத்துக்குப் பிறகு அவரை ஒருவர் புகழ்ந்திருந்தார்.

பன்னிரண்டு வாளி ஊற்றிக் கழுவிய அன்று காலை, எருக்கலம்பிட்டிச் சந்தி தாண்டியதும் வீதியின் நடுவே கழுதைகள் நின்றன. ஐந்தாறு. வெளிச்சம் முழுதாக வரவில்லை. யாகப்பர் பிறேக்கை அழுத்தினார். நின்ற பிள்ளைகள் எல்லாம் முன்னால் சாய்ந்தார்கள். அப்போது அந்தச் சத்தம் கேட்டது. படகின் அடி பாறையில் ஏறும்போது கேட்கும் சத்தம். அதை அவர் உடம்பு அறியும்.

பிறகு ஒரு பிள்ளையின் அலறல்.

பஸ் நின்றபோது மூன்றாம் வகுப்புப் பஸ்மினா நடைபாதையில் ஒரு காலை மடித்துக் குந்தியிருந்தாள். மற்றக் கால் இடுப்புவரை தரைக்குள் போயிருந்தது. உடைந்த பைபர் விளிம்பு தொடையைப் பிடித்து வைத்திருந்தது.

யாகப்பர் இறங்கி பஸ்ஸுக்கு அடியில் ஊர்ந்தார். தார் மணந்தது. சின்னக் கால் ஒன்று மேலிருந்து தொங்கியது. சப்பாத்து இல்லை. பாதம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. அவர் அந்தப் பாதத்தைக் கையில் ஏந்தினார்.

"பஸ் மாமா, கால் எங்க? என்ட கால் எங்க?" என்று மேலிருந்து குரல் கேட்டது.

"என்ட கையில இருக்கு மகள். நான் பிடிச்சிருக்கிறன். அசையாதைங்கோ."

பைபரை விரல்களால் பிய்த்தார். அது தகடு தகடாக வந்தது. அடியில் இரும்பு என்று ஒன்று இல்லை. துருத் தூள் அவர் கண்களில் கொட்டியது. அவர் தடவித் தடவி மினுக்கிய வேலை, கருவாட்டுத் தோல்போல் உரிந்து வந்தது.

ஆஸ்பத்திரி நடையில் முதலாளி அவரைச் சுவரோரம் கூட்டிப்போனார்.

"இஞ்ச பார். பிள்ளை ஏறேக்க சறுக்கிப்போட்டுது. அவ்வளவுதான் கதை."

"சறுக்கேல்லை முதலாளி. தரை உடைஞ்சது."

"தரையை அடைச்சது ஆர்? நானோ?"

"நான்தான்."

"அப்ப பொலிஸ் ஆரைப் பிடிக்கும்? நான் உன்னைக் காப்பாத்தக் கதைக்கிறன், விசரா."

"தகடு போடச் சொல்லி மூண்டு தரம் வந்து கேட்டனான்."

"எழுதித் தந்தனியோ?"

பொலிஸ்காரர் கொப்பியோடு வந்தபோது யாகப்பர் தரை உடைந்தது என்றார். அடைத்தது நான் என்றார். மீன் ஏற்றுவதையும் தகடு கேட்டதையும் சொன்னார். பொலிஸ்காரர் எல்லாவற்றையும் எழுதினார், லைசென்ஸை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார், பஸ்ஸை இருந்த இடத்தில் விடும்படி சொல்லிவிட்டுப் போனார்.

"முடிஞ்சுது உன்னோட" என்றார் முதலாளி. "மத்த ரெண்டும் ஓடும்."

பஸ்மினாவின் தாய் ஹமீதா வாங்கில் அமர்ந்திருந்தாள். பிள்ளைக்குக் கணுக்கால் முறிந்திருந்தது, தொடையில் பதினான்கு தையல். தாயின் மடியில் அந்த ஒற்றைச் சப்பாத்து. யாகப்பர் எதிரே போய் நின்றார். உட்காரவில்லை.

"தங்கச்சி, நான்தான் அந்தத் தரையை அடைச்சனான். பைபரால."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"தோணிக்கு அடைக்கிற பைபரா?"

"ஓம்."

"என்ட புருஷனும் தோணிக்காரன்தான். தோணியெண்டா கீழ தண்ணி தாங்கும். பஸ்ஸுக்குக் கீழ என்ன தாங்கும்? ஒங்களுக்கு அது வெளங்கல்லையா?"

அவ்வளவு எளிய விடயம். இருபது வருடக் கடல் அறிவு அதை மறைத்து நின்றிருக்கிறது.

"நௌபர்ட பஸ்ஸுல என்ட தங்கச்சிட மகன் போறான்" என்றாள் ஹமீதா. குரல் தாழ்ந்தது. "அந்தத் தரையும் பச்சையாத்தான் கிடக்கு. அது ஆரு அடைச்ச?"

யாகப்பர் மனதுக்குள் கணக்குப் பார்த்தார். நாளைக் காலை ஆறரைக்கு அந்த இரண்டு பஸ்களிலும் நூறு பிள்ளைகள் ஏறுவார்கள். பாதிப்பேர் நின்றுகொண்டு வருவார்கள். அவருடைய கைவேலையின் மேல்.

"நானே போய்ச் சொல்லுறன்" என்றார்.

"சொல்லுங்க. எனக்குச் சொன்னா போதாது."

அன்று பின்னேரம் நௌபர் கரையில் மீன் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தான். யாகப்பரைக் கண்டதும் முகத்தைத் திருப்பினான். செய்தி வந்துவிட்டிருந்தது.

"அண்ணே, ஒங்கட வேல போயிட்டு. என்ட வேலயையும் வாங்கிட்டுப் போக வந்தீங்களா?"

"பெட்டியை இறக்கு நௌபர்."

"ஐஸ் உருகுது. முதலாளி ரெண்டு தரம் போன் எடுத்திட்டார். நாளைக்கு நேரத்துக்கு ஓடணும் எண்டவர்."

"ஒரே ஒருக்கா இறக்கு. பாத்திட்டு நீயே ஏத்து."

நௌபர் முணுமுணுத்தபடி நடுவில் இருந்த இரண்டு பெட்டிகளை இழுத்தான். யாகப்பர் றபர் விரிப்பைச் சுருட்டினார். பச்சைத் தரை பளபளத்தது. குந்தியிருந்து விரல் கணுவால் தட்டினார். படகை அப்படித்தான் தட்டிப் பார்ப்பார்கள். சத்தம் வெறுமையாக வந்தது. அவர் ஜாக்கி கம்பியை எடுத்து ஒருமுறை ஊன்றினார். இரண்டாம் முறை தேவைப்படவில்லை.

ஓட்டை வழியே கடற்கரை மணல் தெரிந்தது. ஒரு நண்டு ஓடியது.

நௌபர் குனிந்து அந்த மணலைப் பார்த்தான்.

"நீங்க அடைச்ச அண்டைக்கு நான் என்ன சொன்னன் தெரியுமா? இனி மழைக்கும் ஒழுகாது எண்டன்."

"ஓம், சொன்னனி."

"என்ட மகளும் இதுலதான் வாறா." கம்பியை வாங்கி, ஓட்டையின் விளிம்பில் அவனும் ஒருமுறை ஊன்றினான். இன்னும் கொஞ்சம் பெயர்ந்து விழுந்தது. "றெனால்டுக்கு ஆரு சொல்லுற?"

"நீ சொல்லு. நான் சொன்னா நம்பமாட்டான். அவனுக்குத்தான் இந்த வேலையைப் பத்தி நான் கனக்கப் பீத்தினனான்."

நௌபர் சிரித்துவிட்டான். பிறகு போனை எடுத்தான்.

"அவன் ஓமெண்டாலும் எங்களுக்கு நாளையில இருந்து வேல இல்ல அண்ணே. அது தெரியும்தானே?"

"தெரியும்."

"வேற றைவர் பிடிச்சு ஓட்டிட்டா?"

"அதுக்குத்தான் நாளைக்குச் சந்தியில பிள்ளையளிட தாய்மார் தரையைப் பாக்கவேணும்."

அடுத்த நாள் காலை யாகப்பர் சைக்கிளில் சந்திக்கு வந்தார். அவருடைய பஸ் வீதியோரம் அப்படியே நின்றது. கழுவ ஒன்றுமில்லாமல் கைகள் சும்மா இருந்தன. அரை மணி நேரம் தனியே நின்றார். வரமாட்டார்கள் என்று தோன்றியது. வராவிட்டால் குறை சொல்ல முடியாது என்றும் தோன்றியது.

முதலில் நௌபர் வந்தான், வெறும் பஸ்ஸோடு. பிறகு பாலத்தைக் கடந்து நகரத்துப் பக்கமிருந்து றெனால்டின் பஸ் வந்தது. முன் இருக்கையில் நானாட்டான் தாய்மார் இரண்டுபேர் கால்களை மேலே தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார்கள்.

"தரையில கால் வைக்க விடேல்லை நான்" என்றான் றெனால்ட். "உம்மட தங்கக் கை வேலை யாகப்பரண்ணை, தும்புத்தடி குத்தினாலே போகுது."

மூன்று பஸ்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கதவுகளைத் திறந்து, விரிப்புகளை வீதியோரம் எறிந்தார்கள்.

பிள்ளைகளோடு தாய்மார் வந்தார்கள். முதலில் கோபப்பட்டார்கள். ஒருத்தி மகளின் கையை இழுத்துக்கொண்டு முன்னுக்கு வந்தாள்.

"இண்டைக்குத் தவணைச் சோதினை. உங்கட சண்டையை நாளைக்குப் பிடிக்கேலாதோ?"

"ஏறிப் பாருங்கோ அக்கா" என்றார் யாகப்பர். "பாத்திட்டு ஏத்துறதெண்டா ஏத்துங்கோ."

அவள் ஏறினாள். குனிந்து ஓட்டைக்குள் கையை விட்டாள். முழங்கைவரை போனது. இறங்கியபோது அவள் மகளின் கையை விடவேயில்லை.

தலைமன்னாரிலிருந்து வந்த அரச பஸ்ஸை நௌபர் நடுவீதியில் நின்று மறித்தான். அந்த றைவர் எட்டிப் பார்த்தார். மூன்று பஸ்களையும் பார்த்தார். பிள்ளைகளை முதலில் ஏற்றச் சொன்னார். ஏறி முடியும்வரை ஹோர்ன் அடிக்காமல் நின்றார். மிச்சப் பிள்ளைகளை அடுத்த பஸ்ஸுக்கு நிறுத்தினார்கள்.

முதலாளி ஏழு மணிக்கு வந்தார். வாகனத்திலிருந்து இறங்குமுன்பே கத்தினார்.

"ஆரைக் கேட்டு என்ட பஸ்ஸை உடைச்சனீங்கள்?"

"உடைக்கேல்லை. திறந்து காட்டினனாங்கள்" என்றார் யாகப்பர். "இரும்புத் தரை போடுங்கோ. இருக்கைக்கு ஒரு பிள்ளை. மீன் ஏத்த வேற வாகனம். அதுக்குப் பிறகு ஓடுவம்."

"மீன் இல்லாட்டி இந்த பஸ் மூண்டும் கராஜ்ஜிலதான் கிடக்கும். நான் என்ன தர்மத்துக்கே ஓடுறன்?"

"நாங்க மட்டும் தர்மத்துக்கா சாக ஓடுற?" என்றான் நௌபர்.

"நாளைக்கே வேற றைவர் மூண்டு பேர் வருவாங்கள்!"

"வரட்டும். ஓட்டை எங்க எண்டு நாங்களே காட்டிவிடுறம்" என்றான் றெனால்ட்.

முதலாளி யாகப்பரிடம் திரும்பினார். "உனக்கு வழக்கு இருக்கு, தெரியுமோ? இவங்கள் இண்டைக்கு நிப்பாங்கள். கோட்டுக்கு நீ தனியத்தான் போவாய்."

அது உண்மை என்று யாகப்பருக்குத் தெரியும்.

நகரத்துப் பக்கமிருந்து வந்த ஒரு பஸ் நின்றது. ஹமீதா இறங்கினாள். நேற்று உடுத்த உடுப்பு. வீதியைக் கடந்து வந்து யாகப்பருக்குப் பக்கத்தில் நின்றாள்.

"பிள்ளை எப்பிடி?" என்று கேட்டார்.

"நித்திர. நான் ஒங்கள மன்னிக்க வரல்ல."

"விளங்குது."

"நிக்க வந்தன்." அவள் முதலாளியைப் பார்த்தாள். "வழக்குக்கு நானும் வருவன். இவர் அடைச்சதையும் சொல்லுவன். நீங்க அடைக்கச் சொன்னதையும் சொல்லுவன்."

முதலாளி யாரையோ போனில் அழைத்தார். பதில் வரவில்லைப்போலும். வாகனத்தில் ஏறிக் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனார். என்ன முடிவெடுப்பார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நௌபருக்கும் றெனால்டுக்கும் வேலை போனதா என்றும் தெரியவில்லை. வெயில் ஏறியது. மூன்று றைவர்களும் ஒரே பஸ்ஸின் நிழலில் குந்தினார்கள்.

தவணைச் சோதினை என்று சண்டை பிடித்த பெண், போவதற்குப் புறப்பட்டவள், திரும்பி வந்தாள்.

"நாளைக்கு எத்தினை மணிக்கு நிப்பியள்?"

யாகப்பர் மற்ற இருவரையும் பார்த்தார். றெனால்ட் ஆறு விரல் காட்டினான்.

"ஆறு மணிக்கு" என்றார்.

"எங்கட ஒழுங்கையில பதினெட்டு வீடு. எல்லாருக்கும் சொல்லுறன்" என்று அவள் நடந்தாள்.