விளக்கு சரியில்லை

கணவரின் சட்டைக் காலரை இரண்டாவது முறையாகச் சரிசெய்துகொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. மகள்தான்.

"அம்மா, கார் நகரவே இல்லம்மா. முன்னாடி லாரி ஒண்ணு கவுந்து கிடக்கு. கொஞ்சம் தள்ளி எடுக்கச் சொல்லும்மா. அப்பா முகத்தை ஒரு தடவை பாத்துக்கறேன்."

"நாலு மணின்னு எல்லாருக்கும் சொல்லியாச்சுடி" என்றாள்.

கூடம் முழுக்க அவருடைய மாணவர்கள். பகலில் கல்லூரியில் நாடகம் சொல்லிக்கொடுத்து, சாயங்காலம் ஒத்திகை நடத்தி, ராத்திரி தானே வேஷமும் கட்டிய மனிதர். மூன்று பேர் வேலையை ஒற்றை ஆளாய்ச் செய்தார். வீட்டில் ஒரு பல்பு மாற்ற மட்டும் நாலு ஆள் வேண்டும். ஊரறிந்த சட்டம் ஒன்று அவருக்கு உண்டு. மணி அடித்தால் அரங்கத்தின் கதவு மூடிவிடும். கல்லூரி முதல்வரே ஒருமுறை இடைவேளைவரை வெளியே படியில் உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கண்டிப்பில் அவளுக்கும் பெருமை. மருந்துக்கடையைச் சாத்திவிட்டு, வாட்சைக்கூடப் பார்க்காமல் ஓட்டமாக ஓடுவாள். அவள் உட்காருவதற்கும் மணி அடிப்பதற்கும் சரியாக இருக்கும். ஒரு நாளும் தாமதமாகப் போனதில்லை என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறாள். கடைசி நாளில் அவர் பேரைக் கெடுக்க மனம் வரவில்லை.

வண்டி வாசலில் வந்து நின்றது. மூத்த மாணவன் தயங்கியபடி கேட்டான். "எடுத்துடலாமாம்மா? சார் யாருக்காகவும் காத்திருந்ததில்ல."

"எடுங்கப்பா."

படியில் உட்கார்ந்திருந்த மணிக்காரர் எழுந்து வந்தார். அரங்கில் காலங்காலமாக மணி அடித்தவர். "சார் காத்திருப்பாரும்மா" என்றார்.

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். திரை ஓரத்துல நின்னு உங்க நாற்காலியையே பாத்துட்டிருப்பாரு. நீங்க உக்காந்ததும் என்னைப் பாத்து மூக்கைத் தடவுவாரு. அப்புறம்தான் மணி. கூட்டம் சலசலத்தா, விளக்கு சரியில்லைன்னு சொல்லச் சொல்வாரு. உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாரு."

அவள் கணவரின் முகத்தைப் பார்த்தாள். கள்ளன். கூடவே குடித்தனம் பண்ணிக்கொண்டு அவளிடமே நடித்திருக்கிறார். கோபப்படத்தான் நினைத்தாள், அந்த மனிதர்மேல் கொள்ளை ஆசையாக இருந்தது.

நாற்காலியை இழுத்து அவர் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தாள்.

"வண்டிக்காரரை டீ குடிச்சிட்டு வரச் சொல்லுங்க. விளக்கு சரியில்லை."

மூத்த மாணவன் நிமிர்ந்து பார்த்தான். நல்ல பகல் வெளிச்சம். ஒரு விளக்கும் போட்டிருக்கவில்லை.

வெயில் இறங்கியபிறகு ஒரு கார் வந்தது. மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்து அப்பாவின் காலடியில் உட்கார்ந்தாள். அவள் அழுது ஓயும்வரை அம்மா காத்திருந்தாள். பிறகு, வாசலில் நின்றிருந்த மணிக்காரரைப் பார்த்து மூக்கைத் தடவினாள்.