திறந்து வைத்த காது

"என்ன பேசுறாங்கன்னு எனக்கு வேண்டாம்மா. யாரு யாரோட பேசுறாங்கன்னு தெரிஞ்சா போதும்," என்றார் மேனேஜர்.

அலுவலகத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவள் அவள். சர்வர் அறையின் குளிர் இன்னும் அவள் விரல்களில் இருந்தது.

"மடியில கனமில்லாதவங்களுக்கு வழியில என்ன பயம்? நாளைக்கு ஒரு நாள்தான்."

அந்த அலுவலகத்தில் யார் மேஜையிலும் முழுக் கணினி கிடையாது. திரையும் கீபோர்டும்தான். கணினிகள் எல்லாம் இரண்டு பெரிய சர்வர்களுக்குள் வெறும் மென்பொருளாக ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை ஒன்றோடொன்று இணைத்து, செய்திகளைக் கொண்டுசேர்க்கும் ஸ்விட்ச் என்ற இணைப்பானும் அப்படித்தான். ஒவ்வொரு சர்வருக்குள்ளும் ஒன்று, கையால் தொட முடியாதது. ஒருவருக்கு வந்ததை அவரிடம் மட்டும் சேர்க்கும். அடுத்தவர் காதில் போடாது. ஆனால் அதன் அமைப்பில் ஒரு வரி உண்டு. அதை மாற்றிவிட்டால், குறிப்பிட்ட ஒரு கணினி அங்கே போவது வருவது எல்லாவற்றையும் கேட்கும். அந்த உரிமை அவளிடம் மட்டுமே இருந்தது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவள் அதைத் தொட்டதில்லை.

மேனேஜர் யாரைத் தேடுகிறார் என்பது அவளுக்குத் தெரியும். பில்லிங் பிரிவில் கர்ப்பமாக இருந்த ஒரு பெண்ணை வேலையைவிட்டு அனுப்பியிருந்தார்கள். அதைத் தட்டிக்கேட்க நான்கைந்து பேர் மேலிடத்துக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சேர்த்தவள் இவளுடைய நாத்தனார். ஒரே வீடு, ஒரே அலுவலகம்.

அன்று மாலை, முதல் சர்வரின் ஸ்விட்சில் மட்டும் மேனேஜரின் கணினிக்குக் காதைத் திறந்தாள். பிறகு நாத்தனாரின் கணினியையும் அவளுடைய கூட்டாளிகளின் கணினிகளையும், ஓடிக்கொண்டிருக்கும்போதே, இரண்டாவது சர்வருக்கு நகர்த்தினாள். யார் திரையும் ஒரு கணம்கூட மினுங்கவில்லை. இங்கே வைத்த காதுக்கு அந்தச் சர்வருக்குள் நடப்பது கேட்காது.

இரவுச் சாப்பாட்டில் நாத்தனார் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"ஏன் அண்ணி உர்ருன்னு இருக்கீங்க? எங்கண்ணன் ஏதாவது பண்ணிட்டானா?"

"நான் வாயே திறக்கலையே," என்றான் கணவன்.

"அதுவே பெரிய குத்தம்தான்."

தட்டு கழுவும்போது அவள் மெல்லக் கேட்டாள். "அந்த விஷயத்தையெல்லாம் ஆபீஸ் மெசேஜ்லயா பேசுறீங்க?"

"வேற எதுல? போனைத்தான் வாசல்லயே வாங்கி வெச்சிடறாங்களே. அதுவுமில்லாம, அந்த சர்வரெல்லாம் உங்க கையில இருக்கு. எங்களுக்கு என்ன பயம் அண்ணி?"

கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள். நாளைக்கு ஒரு நாள் பேசாதே என்று சொல்லலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். அதான் நகர்த்திவிட்டோமே என்று நினைத்து, வந்த சொல்லை விழுங்கினாள்.

மறுநாள் மதியம் மேனேஜர் ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். வட்டங்கள், அவற்றுக்குள் கணினிகளின் எண்கள், யார் யாரோடு பேசினார்கள் என்று இடையில் கோடுகள். எல்லாக் கோடுகளும் நடுவிலிருந்த ஒரே எண்ணில் வந்து சேர்ந்தன.

பார்த்ததும் புரிந்தது. ஒரு சர்வரில் சுமை கூடினால் சில கணினிகளைத் தானாகவே அடுத்ததற்கு மாற்றும் ஏற்பாடு ஒன்று உண்டு. அவளே என்றோ செய்து வைத்தது. அதை நிறுத்த மறந்திருந்தாள். அது தன் கடமையைச் செய்து, அவள் நகர்த்திய கணினிகளையெல்லாம் பழைய இடத்துக்கே அனுப்பியிருந்தது.

"நடுவுல இருக்குற நம்பர் யாரோடது?"

எந்த எண் யாருடையது என்பதும் அவளுக்குத்தான் தெரியும். மேனேஜர் பேனாவைத் தட்டினார். நிறுத்தினார். மறுபடி தட்டினார்.

"என்னோடது சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "வேலியே பயிரை மேஞ்சிருக்கு! பாஸ்வேர்டை எழுதிக் குடுத்துட்டுப் போங்க. அந்த ஒட்டுக் கேக்குற ஏற்பாடு மட்டும் அப்படியே இருக்கட்டும்."

எழுதிக் கொடுத்தாள். அவள் எதிரிலேயே அவர் அதை மாற்றினார்.

இருக்கைக்குத் திரும்பியதும் திரையின் மூலையில் ஒரு சிறு பெட்டி விரிந்தது. "அண்ணி, காலையிலயும் நீங்க சரியா சாப்பிடலை. கேன்டீன் போகலாமா?"

அவள் கை கீபோர்டின் மேல் நின்றது. காது இன்னும் திறந்திருந்தது. அதை மூட அவளால் இனி முடியாது. பதில் எழுதாமல் இருந்தாலும், கோடு விழுந்தாகிவிட்டது. தன்னுடையது என்று அவள் சொன்ன அந்த நடு எண்ணிலிருந்து அவளுடைய உண்மையான எண்ணுக்கு. தன்னைத் தானே சாப்பிடக் கூப்பிடுகிறவர்கள் யாருமில்லை என்பது மேனேஜருக்குப் புரிய எவ்வளவு நேரம் ஆகும்?

எழுந்தாள். பில்லிங் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நாத்தனார் அவளைப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே கையசைத்தாள். நேற்றே சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்ல, அவள் கதவைத் தள்ளினாள்.