பதினேழாம் இலக்க மேசை

முதல் அழைப்பு ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வந்தது. எமில்டா கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் காருக்குள் போய் இருந்து புட்டுப் பெட்டியைத் திறந்தபோது கைபேசி அடித்தது. இலக்கம் காட்டவில்லை.

"எமில்டா பிள்ளையோ? புத்தகத் திருவிழா நடத்துறது நீங்கள்தானே?"

"ஓம், சொல்லுங்கோ."

"நல்ல விசயம். எங்கட சனத்துக்குத் தேவையான விசயம்." வயதான ஆணின் குரல். அவர் ஒருமுறை செருமினார். "கிளடிஸ் எண்டொரு மனுசி எழுதின புத்தகத்தை மட்டும் அங்க வைக்காதேங்கோ. விளங்குதோ, பிள்ளை?"

யார் என்று அவள் கேட்பதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. எமில்டா அதைப் பெரிதாக எடுக்கவில்லை. விழாவுக்கு மூன்று கிழமை இருந்தது. நாற்பது மேசைகளுக்கு ஆள் பிடித்து, மண்டபத்துக்குக் காப்புறுதி எடுத்து, சிறுவர் பகுதிக்குக் கதை சொல்ல ஆள் தேடி அவள் அலைந்துகொண்டிருந்தாள். புத்தகம் எழுதுகிறவர்களுக்குள் சண்டைகள் இருக்கும். இதுவும் அப்படி ஒன்று என்று நினைத்தாள்.

இரண்டாவது அழைப்பு வெள்ளிக்கிழமை வந்தது. அதே குரல், அதே மரியாதை.

"மகள் அனெற் இப்பவும் பஸ்ஸிலதானே பள்ளிக்கூடம் போறவ? நீலக் கலர் பாக்கோட?"

எமில்டாவின் கை ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொண்டது.

"ஊரில, பேசாலையில, உங்கட அம்மா தனியத்தானே இருக்கிறா. பாவம், வயசான மனுசி. நான் ஒண்டும் சொல்லேல்லை, பிள்ளை. அந்தப் புத்தகம் வேண்டாம் எண்டுதான் சொல்லுறன்."

அன்று பின்னேரம் அவள் மகளைப் பள்ளி வாசலில் காத்து நின்று ஏற்றினாள். திங்கட்கிழமையும் அப்படியே. கணவன் றிச்சர்ட்டிடம் சொன்னபோது அவன் கதிரையை விட்டு எழும்பினான்.

"நீர் முதல்ல அந்தப் புத்தகத்தைத் தூக்கும். எங்களுக்கு ஏன் உந்த வேலை?"

பொலிஸில் முறைப்பாடு கொடுத்தார்கள். ஒரு பெண் அதிகாரி பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். இலக்கம் மறைக்கப்பட்டிருக்கிறது, திரும்ப எடுத்தால் உடனே சொல்லுங்கள் என்றாள். யார் மேலாவது சந்தேகமா என்று கேட்டாள். எமில்டாவுக்கு எல்லோர் மேலும் சந்தேகமாக இருந்தது. கடையில் மீன் வாங்கும்போது பக்கத்தில் நின்று செருமியவரைக்கூட அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

கிளடிஸின் புத்தகத்தை அவள் முன்பே வாசித்திருந்தாள். கனடாவுக்கு அனுப்புகிறேன் என்று ஒரு ஏஜென்சிக்காரன், இருபத்தெட்டு வருடங்களுக்கு முன், கிளடிஸ் உட்பட ஏழு பெண்களை மேற்கு ஆபிரிக்காவில் ஒரு நகரத்துக்குக் கொண்டுபோனான். இரண்டு கிழமை என்று சொல்லி ஒரே அறையில் ஒன்பது மாதம் பூட்டி வைத்தான். பாஸ்போட்டுகள் அவனிடம். ஜெனாட் என்ற பத்தொன்பது வயதுப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தது. டொக்டரைக் கூப்பிட்டால் எல்லோரும் பிடிபடுவோம் என்று அவன் கதவைத் திறக்கவில்லை. நாலாம் நாள் ஜெனாட் செத்துப்போனாள். அவனை அவர்கள் 'மாஸ்ரர்' என்றுதான் அறிந்திருந்தார்கள். உண்மைப் பெயர் எவருக்கும் தெரியாது. அவன் இப்போது எங்கே என்றும் தெரியாது. புத்தகம் அப்படித்தான் முடிகிறது.

விழாக் குழுவில் மூன்று பேர். தலைவர் அன்புராசா அண்ணை, சென்னையிலிருந்து வந்து மென்பொருள் வேலை பார்க்கும் கல்யாணி, எமில்டா. ஞாயிறு காலை கோப்பிக் கடையில் கூடினார்கள்.

"இந்தமுறை அந்தப் புத்தகத்தை விடுவம். வாற வருசம் பாப்பம்," என்றார் அன்புராசா. அவருடைய கோப்பி ஆறிக்கொண்டிருந்தது. "எனக்குப் பயம், பிள்ளை. ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

கல்யாணி எமில்டாவின் முழங்கையைத் தொட்டாள். "நீங்க என்ன முடிவு எடுத்தாலும் நான் கூட இருக்கேன் எமில்டா. ஆனா மிரட்டல் வந்தது உங்க குழந்தைக்கு. அதனால நீங்கதான் சொல்லணும்."

எமில்டா முடிவு எடுத்துவிட்டாள். வேண்டாம். அதை நேரில் சொல்லத்தான் கிளடிஸின் அப்பார்ட்மென்டுக்குப் போனாள்.

பதினோராம் மாடி. உள்ளே போனதும் எமில்டா முதலில் கண்டது கதவுகளைத்தான். படுக்கையறைக்குக் கதவு இல்லை. அலுமாரிக்குக் கதவு இல்லை. குளியலறையில் ஒரு துணித் திரை தொங்கியது. கழற்றிய கதவுகள் சுவரோடு சாத்தி நின்றன.

"வீட்டுச் சொந்தக்காரன் ஏசுறவன்," என்று கிளடிஸ் வெட்கத்தோடு சிரித்தாள். "சாத்தின கதவைக் கண்டால் எனக்கு மூச்சு முட்டும்."

எமில்டா அழைப்புகளைப் பற்றி எல்லாம் சொன்னாள். கிளடிஸின் முகம் வெளிறியது. செருமலையும் 'விளங்குதோ' என்பதையும் கேட்டதும் அவள் கதிரையின் விளிம்பைப் பிடித்தாள்.

"மாஸ்ரர்தான். அவன் இஞ்ச இருக்கிறான்," என்றாள். "இந்த ஊரிலதான் இருக்கிறான்." பிறகு எமில்டாவைப் பார்த்தாள். "உங்களுக்குப் பிள்ளை இருக்கு. வேண்டாமெண்டால் சொல்லுங்கோ, எமில்டா. நான் கோவிக்க மாட்டன்."

சொல்ல வந்த சொல் எமில்டாவின் வாயில் இருந்தது. சுவரில் சாத்தியிருந்த கதவுகளைப் பார்த்தாள்.

"நீங்கள் வாங்கோ," என்றாள். "பதினேழாம் இலக்க மேசை உங்களுக்கு." லிப்டில் இறங்கும்போது, என்ன செய்துவிட்டேன் என்று தன்னையே ஏசினாள்.

விழா நாள் மழை. அனெற்றை றிச்சர்ட் வடக்கே ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் இருக்கும் தன் தமையன் வீட்டில் கொண்டுபோய் விட்டான். பேசாலையில் ஒரு மச்சாள் அம்மாவோடு போய்த் தங்கியிருந்தாள். மண்டப வாசலில் ஒரு காவலாளி நின்றான்.

பத்து மணிக்கே சனம் வரத் தொடங்கியது. சிறுவர் பகுதியில் பிள்ளைகள் கத்தினார்கள். எமில்டா வருகிற ஒவ்வொரு ஆணின் முகத்தையும் கையையும் பார்த்தாள். பதினொரு மணிபோல, ஆளில்லாத ஒரு கறுப்புப் பை பதினேழாம் மேசைக்குக் கீழே கிடந்தது. அவள் காவலாளியைக் கூப்பிட்டாள். அவன் குனிந்து அதைத் திறந்தான். உள்ளே ஒரு குழந்தையின் பால் போத்தலும் டயப்பரும். தாய் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டாள்.

கிளடிஸ் மேடைக்குப் பின்னால் இருந்த சிறிய அறையில் இருந்தாள். ஒரு மணிக்கு அவள் வாசிக்கவேண்டும். அதுவரை மேசையில் எமில்டா நின்றாள்.

பன்னிரண்டரைக்கு ஒரு இளம் பெண் வந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். அவள் கையைப் பிடித்தபடி எழுபதை நெருங்கிய ஒருவர். சுத்தமாக மழித்த முகம், நல்ல சாம்பல் நிறக் கோட்டு. பெண் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள்.

"அன்ரி, இது ட்ரூ ஸ்ரோறியோ?"

"ஓம், மகள். நடந்த கதை."

அவர் செருமினார். "உது வேண்டாம், சிவானி. வை. சும்மா அழுகிற கதையள். விளங்குதோ?"

அதே குரல். இரண்டு கிழமைக்கு மேலாகத் தூக்கத்தைக் கெடுத்த குரல். எமில்டா நிமிர்ந்து பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். அவள் கண்டுபிடித்துவிட்டாள் என்பது அவருக்குத் தெரிந்தது. கோட்டின் பொத்தானைப் பிடித்திருந்த அவருடைய விரல்கள் நடுங்கத் தொடங்கின. தான் மட்டும்தான் பயந்தேன் என்று எமில்டா இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள்.

"நோ அப்பா, ஐ வோன்ட் திஸ் வன்," என்று சொல்லி மகள் புத்தகத்தை வாங்கினாள். "எழுதினவ இப்ப வாசிப்பாவாம். வாங்கோ, இருந்து கேப்பம்."

எமில்டா கல்யாணியை மேசையில் நிறுத்திவிட்டு உள்ளறைக்கு ஓடினாள். "இரண்டாவது வரிசை. சாம்பல் கோட்டு. மகளோட இருக்கிறார்."

கிளடிஸ் திரையை விரலளவு விலக்கிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"ஓம்," என்றாள். அப்படியே தரையில் இருந்துவிட்டாள்.

"நிப்பாட்டுவம் கிளடிஸ். சுகமில்லை எண்டு சொல்லுறன். பொலிசைக் கூப்பிடுறன்."

"என்ன சொல்லுவீங்கள்? ஒரு கிழவன் மகளோட புத்தகம் வாங்க வந்திருக்கிறார் எண்டோ?" அவள் முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டு எழும்பினாள். "நீங்கள் எனக்குப் பக்கத்தில நில்லுங்கோ. தள்ளிப் போகாதேங்கோ."

எமில்டா பக்கத்தில் நின்றாள். கிளடிஸ் ஜெனாட்டின் காய்ச்சலை வாசித்தாள். முதல் பக்கம் முழுதும் குரல் உடைந்து உடைந்து வந்தது. பின்வரிசையில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்காது. ஜெனாட் தண்ணீர் கேட்ட இடத்தில் குரல் தெளிந்தது. கதவைத் தட்டித் தட்டி ஆறு பெண்களின் கைகளும் வீங்கியதை வாசித்தபோது மண்டபத்தில் பிள்ளைகளின் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. இரண்டாவது வரிசையில் அவர் எழும்பப் பார்த்தார். மகள் அவருடைய கையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். அவர் தரையைப் பார்த்தபடி இருந்தார்.

முடிந்ததும் கையெழுத்துக்கு வரிசை கட்டினார்கள். எமில்டா கிளடிஸின் கதிரைக்குப் பின்னால் நின்றாள். வரிசையில் சிவானி வருவது தெரிந்தது. அவர் பின்னால், நாலைந்து அடி தள்ளி நின்றார். எமில்டாவுக்கு ஓடிவிட வேண்டும்போல் இருந்தது.

"தாங்ஸ், அன்ரி," என்றாள் சிவானி மூக்கை உறிஞ்சியபடி. "எனக்குத் தமிழ் வாசிக்கிறது ஸ்லோ. அப்பாதான் எப்பவும் சத்தமா வாசிச்சுக் காட்டுறவர். இதையும் அவர்தான் வாசிக்கோணும். அவற்ற பேரையும் சேத்துப் போடுங்கோவன்."

கிளடிஸ் பேனையைத் திறந்தாள். "அப்பாவின்ர முழுப் பேர் என்ன, மகள்?"

"சிவானி, வா போவம்," என்றார் அவர். அவள் திரும்பவில்லை.

"தம்பிமுத்து இராசகுலன்," என்றாள் மகள்.

கிளடிஸ் ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். எழுதி முடிய ஒருமுறை உரத்து வாசித்துச் சரிபார்த்தாள். "தம்பிமுத்து இராசகுலன். சரியோ?" என்று அவரை நேரே பார்த்துக் கேட்டாள். அவர் தலையை ஆட்டவில்லை. மகள்தான் "ஓம் அன்ரி" என்றாள். புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தகப்பனின் கையைப் பிடித்து நடந்தாள். அவர் தடுமாறி ஒரு மேசையைப் பிடித்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை கல்யாணி காரோட்ட, எமில்டாவும் கிளடிஸும் பொலிஸ் நிலையத்துக்குப் போனார்கள். முன்பு முறைப்பாட்டை எழுதிய அதே பெண் அதிகாரிதான் இருந்தாள். கிளடிஸ் பெயரைச் சொன்னாள். ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டியும் சொன்னாள். இது பழைய விசயம், வெளிநாட்டில் நடந்தது, காலம் எடுக்கும், என்ன வரும் என்று இப்போது சொல்ல முடியாது என்றாள் அதிகாரி. மிரட்டலை மட்டும் தனியாகப் பதிந்தாள்.

வெளியே வந்தபோது வெயில் அடித்தது. எமில்டா கார்கள் நின்ற இடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். சாம்பல் கோட்டு எதுவும் இல்லை.

"மகளுக்கு வாசிச்சுக் காட்டுவாரோ?" என்று கேட்டாள்.

"தெரியாது," என்றாள் கிளடிஸ். "அந்தப் பிள்ளையை நினைக்கத்தான் எனக்குப் பயமாயிருக்கு."

கல்யாணி காரை எடுத்தாள். கிளடிஸ் பின் சீட்டில் இருந்தபடி யன்னலை முழுதாக இறக்கிவிட்டாள்.