சீமாட்டியின் ஆறு குட்டிகள்

காலை ஏழு மணிக்கே சலூனில் கூட்டம். கணக்கு வாத்தியாரின் பிடரியில் கத்தரி ஓடிக்கொண்டிருந்தது.

"மாஸ்டர், நீங்க குடுத்த நாய்க்குட்டிக்கு ரொம்பத்தான் ராங்கி. விளக்கு போட்டாத்தான் படி இறங்குது. பொழுது சாஞ்சா நின்ன இடத்த விட்டு நகர மாட்டேங்குது" என்றார் வாத்தியார்.

"செல்லம் குடுத்துக் கெடுத்திருப்பீங்க சார்" என்று சிரித்தார் சலூன்காரர்.

இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய லேப்ரடார் பெட்டை போட்ட ஆறு குட்டிகளில் ஒன்று அது. பெட்டையின் நடையில் இருந்த மிடுக்கைப் பார்த்து அவர் மனைவி அதற்குச் 'சீமாட்டி' என்று பேர் வைத்திருந்தாள். எதிர்த்தெரு மருந்துக்கடைக்காரரின் ஆண் நாயோடு சேர்ப்பதற்கு முன், கால்நடை மருத்துவர் படித்துப் படித்துச் சொன்னார்.

"ரெண்டுக்கும் கண்ணு, இடுப்பு எலும்பு, ரத்தம் எல்லாம் பாத்துட்டுச் சேத்து விடுங்க. செலவாகும், மாசக்கணக்கா இழுக்கும். நாளைக்கு ஒரு வீட்டுல சரிப்படலைன்னா குட்டியத் திருப்பி வாங்கிக்கவும் நீங்க தயாரா இருக்கணும். முடியாதுன்னா இதுல இறங்காதீங்க."

"டாக்டரம்மா, என் கல்யாணத்துக்கே நான் ரத்தம் பாக்கல!"

இந்தப் பதிலைக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆறு குட்டிகளும் வாடிக்கையாளர் வீடுகளுக்கே போயின. வாத்தியார் இப்போது உட்கார்ந்திருக்கும் சுழல் நாற்காலி அந்தப் பணத்தில் வாங்கியதுதான்.

மறுவாரம், இன்னொரு குட்டியை வாங்கியிருந்த தபால்காரர் வந்தார். முடி வெட்டி முடிந்தது. போர்த்தியிருந்த துணியை உதறியபடி சலூன்காரர் கேட்டார்: "நம்ம பய எப்படிண்ணே இருக்கான்?"

"சுவத்துல முட்டிக்கிட்டே இருந்துச்சு. ஒருநாள் அது படுத்திருக்கப்ப பேத்தி போய்த் தொட்டுட்டா. மெரண்டுபோய்க் கடிச்சிருச்சு. கன்னத்துல நாலு தையல்." தபால்காரர் தரையில் கிடந்த முடியைப் பார்த்தார். "போன மாசம் ஊருக்கு வெளிய, லாரி நிக்கிற இடத்துல கொண்டுபோய் விட்டுட்டேன். வண்டி கிளம்புன சத்தத்தக் கேட்டு ஓடி வந்துச்சு. கம்பத்துல மோதி நின்னுச்சு. நான் நிக்கல."

"என்கிட்டயாவது கொண்டு வந்திருக்கலாமேண்ணே!"

"வித்ததத் திருப்பி வாங்க மாட்டேன்னு நீதானப்பா சொன்ன?"

சொன்னது உண்மைதான். இதே கடையில், இதே கத்தரியைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார்.

அன்றே கடையைச் சாத்திவிட்டு, வாத்தியாரையும் நாயையும் அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போனார். மருத்துவர் நாயின் கண்ணில் விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார்.

"பரம்பரைக் கோளாறு. கொஞ்ச நாள்ல பார்வை முழுசாப் போயிடும். மருந்து கிடையாது."

"சீமாட்டிக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்கு, டாக்டரம்மா?"

"அதுக்கும் தகப்பன் நாய்க்கும் வெளிய தெரியல. ரெண்டும் உள்ளுக்குள்ள சுமந்துட்டு இருந்திருக்கு. அன்னைக்கு ரத்தத்தப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது சலூன்காரருக்கு.

"நாயை என்கிட்ட விட்டுடுங்க சார், நான் பாத்துக்கறேன்" என்றார் வெளியே வந்ததும். வாத்தியார் மறுத்துத் தலையை ஆட்டினார். "எங்க வீட்டுப் படி பதினொண்ணுன்னு அதுக்கு மனப்பாடம். வேற வீட்டுக்கு வந்தா அந்தக் கணக்கும் போயிடும்."

மறுநாள் விடியும்போதே லாரிகள் நிற்கும் இடத்துக்குப் போய்த் தேடினார். அதற்கடுத்த நாளும் போனார். மூன்றாம் நாள் பஞ்சர் கடைக்காரர் ஒருவர் சொன்னார்: "ஆமா, ஒரு குருட்டு நாய் பத்து நாள் இங்கதான் கிடந்துச்சு. எந்த வண்டி வந்து நின்னாலும் எந்திரிச்சு வாலாட்டும். அப்புறம் காணோம்."

மற்ற நான்கு வீடுகளுக்கும் போய் உண்மையைச் சொன்னார். ஒரு வீட்டில் அவர் கொடுத்த குட்டியே ஐந்து குட்டி போட்டிருந்தது. "வந்தவங்களுக்கெல்லாம் குடுத்துட்டோம். யாருக்குன்னு ஞாபகமில்லையே" என்றார்கள். அந்த ஐந்தும் எந்தெந்த ஊரில், எத்தனை குருட்டுக் குட்டிகளுக்கு விதை போடக் காத்திருக்கின்றனவோ! சீமாட்டிக்குக் கருத்தடை செய்தார். அது வழக்கம்போல் அவர் கையை நக்கியது. அதன் தெளிந்த கண்களை அவரால் பார்க்க முடியவில்லை.

அப்புறம் கடையில் ஒரு சத்தம் தொடங்கியது. கத்தரிச் சத்தத்துக்கு நடுவே, தரையில் நகம் உரச, வழி தடவி நடக்கும் சத்தம். திரும்பிப் பார்ப்பார். நாய் எதுவும் இருக்காது. வாசலில் வண்டி ஏதாவது வந்து நின்றால் கை தானாக நின்றுவிடும். "என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" என்பாள் சாப்பாடு கொண்டுவரும் மனைவி. பேயாக இருந்தால் விரட்டிவிடலாம். இது வாலாட்டிக்கொண்டல்லவா வருகிறது!

ஒருநாள் கட்டட மேஸ்திரி ஒருவர் அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தார். "மாஸ்டர், நம்ம வீட்டுலயும் ஒரு பெட்டை இருக்கு. ஜோடி சொல்லுங்களேன். செலவில்லாம லாபம் பாக்கற வேலையாமே?"

கத்தரி நின்றது. "யாருண்ணே செலவில்லன்னு சொன்னது? அது ஒரு கடன், யாராவது ஒருத்தர் தீத்தே ஆகணும். முன்னாடியே டெஸ்ட்டு, வைத்தியம்னு நீங்க தீக்கலாம். இல்லன்னா பின்னாடி வாங்குன வீட்டுக் குழந்தை கன்னத்தால தீக்கும், வாயில்லா ஜீவன் கண்ணால தீக்கும்."

"நாய்தானே மாஸ்டர்?"

"நானும் அப்படித்தாண்ணே நெனச்சேன். சோதிச்சுப் பாக்கப் பொறுமையும், திரும்பி வந்தா வாங்கிக்க மனசும் இல்லாதவன், இன்னொரு உசிரை இந்த உலகத்துக்குக் கொண்டு வரக் கூடாது."