அக்காவின் கைப்பட்டை

முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு தினமும் தண்ணீரில் நடந்தால்தான் அக்காவின் கால் மடங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் குடியிருப்பின் நீச்சல்குளக் கதவிலேயே காவலாளி எங்களை மறித்தார்.

"நுழைவுக் கைப்பட்டை இல்லாம விட முடியாதும்மா. அசோசியேஷன் செக்ரட்டரி உத்தரவு."

"புதுசு தர்றேன்னு எங்க நாலு பட்டையையும் வாங்கிட்டுப் போனதே அவர்தானே!"

உள்ளே, செக்ரட்டரி வீட்டில் இரண்டு நாள் வாடகைக்கு வந்த கும்பல் கும்மாளமடித்தது. ஒரு பெண்ணின் கையில், அக்கா நகப்பூச்சால் பூப்போட்ட அதே பட்டை! செக்ரட்டரி பக்கத்திலேயே நின்றார்.

"சார், எங்க அக்கா பட்டையையும் வாடகைக்கு விட்டுட்டீங்களா? வெக்கமாயில்ல?"

அவர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டார். அந்தப் பெண்தான் கரையேறினாள்.

"ஐயோ, சாவியோட இதையும் குடுத்தாருங்க, எனக்குத் தெரியாது."

பட்டையைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தாள். அக்கா தண்ணீரில் இறங்கினாள். நான் செக்ரட்டரியிடம் கையை நீட்டினேன்.

"மீதி மூணு எங்க சார்?"