ஒவ்வாமைப் பட்டியல் நகராது

மருத்துவமனையின் கணினிப் பிரிவில் அவளை எல்லோரும் ‘டேபிள் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடங்களாக நோயாளிகளின் விவரங்களை அட்டவணை அட்டவணையாகப் பிரித்துக் கோத்து வைத்திருப்பவள். ஒரு விவரம் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில் ஒற்றைக்காலில் நிற்பாள்.

அட்டவணைகளை விட்டுவிட்டு, விவரங்களைக் கோப்பு கோப்பாக வைக்கும் டாக்குமெண்ட் டேட்டாபேஸுக்கு எல்லாவற்றையும் மாற்ற நிர்வாகம் முடிவெடுத்தது. பயிற்சி கொடுக்க வெளியிலிருந்து வந்தவள் அவளுடைய சொந்தத் தங்கை.

“ஒருத்தர் ஒவ்வொரு தடவை வந்துட்டுப் போறதுக்கும் ஒரு கோப்பு. நோய், மருந்து, ஒவ்வாமை எல்லாம் அதுக்குள்ளயே இருக்கும். பத்து டேபிள்ல போய்த் தேட வேண்டாம்” என்றாள் தங்கை.

“ஆறு தடவை வந்திருந்தா ஒவ்வாமையும் ஆறு இடத்துலயா?”

“ஆமா. மாறினா எல்லாத்துலயும் மாத்தணும்.”

டேபிள் அக்கா எழுந்து போய், பயிற்சிக் கோப்பு ஒன்றில் ‘பெனிசிலின் ஆகாது’ என்று சேர்த்தாள். அதே நோயாளியின் முந்தைய கோப்பைத் திறந்தாள். ‘ஒவ்வாமை இல்லை’ என்றே இருந்தது.

“அவசரத்துல டாக்டர் இதைத் திறந்தா?”

“ஒவ்வாமையை மட்டும் தனியா வெச்சு இணைச்சுக்கலாம்.”

“அதைத்தானே நான் இத்தனை வருஷமா டேபிள்னு சொல்லிட்டிருக்கேன்.”

தங்கை அசரவில்லை. “சரி, உன் பரிசோதனை டேபிளைத் திற.”

திறந்ததும் அக்காவின் முகம் சுருங்கியது. ஒவ்வொரு வரிக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு கட்டங்கள். சர்க்கரைப் பரிசோதனைக்கு இரண்டுதான் நிரம்பியிருந்தன, மற்றதெல்லாம் காலி. புதுப் பரிசோதனை வரும்போதெல்லாம் கட்டம் சேர்த்துச் சேர்த்து அவளே சலித்துப்போயிருந்தாள். அன்று மத்தியானம் இருவரும் உட்கார்ந்து அறிக்கைகளைக் கோப்புகளாக்கிப் பார்த்தார்கள். ஒவ்வொரு கோப்பிலும் அந்தப் பரிசோதனைக்கு வேண்டியது மட்டும் இருந்தது. கச்சிதமாகப் பொருந்தியது.

மேலாளருக்கு ஒரே சந்தோஷம். “அப்ப எல்லாத்தையும் மாத்திடலாம்.”

“பரிசோதனை அறிக்கை போகட்டும் சார். ஒவ்வாமைப் பட்டியல் நகராது.”

“மேலிடத்து உத்தரவும்மா.”

“நான் மறுத்தேன்னு எழுதுங்க, காரணத்தோட. மாத்தறவங்க கீழ கையெழுத்துப் போடட்டும்.”

அவர் அப்படியே எழுதி, தாளைத் தங்கை பக்கம் நீட்டினார். அவள் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். “நானும் போட மாட்டேன் சார்.”

தாள் ஒரு வாரம் மேலே போய்க் கீழே வந்தது. ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. கடைசியில் அறிக்கைகள் மட்டும் மாறின. தங்கைக்கு அடுத்த வகுப்புக்கு அழைப்பு வரவில்லை.

“என்னாலதானே?” என்றாள் அக்கா.

“உன்னாலதான். ஆனா அம்மாகிட்ட நான்தான் ஜெயிச்சேன்னு சொல்லிட்டேன்.”

“இருநூத்திப் பன்னெண்டு கட்டத்தையும் சொன்னியா?”

“முதல்ல அதைத்தான் சொன்னேன்.”